ஒரு கண்ணின் இழப்பும் உள்ளத்தின் தளர்வும்

விபத்தினாலோ நோயினாலோ ஒரு கண்ணின் பார்வையை இழந்த ஒருவரிடம் மருத்துவரும் உறவினரும் முதலிற் கூறுவது, ‘மற்றக் கண் நன்றாக இருக்கிறது’ என்பதாகும். கூற்று உண்மையே, கூறுவோரின் நோக்கமும் நல்லதே. ஆயினும் அவ்வொரு வாக்கியம் இழந்தவரின் வாயை அடைத்துவிடுகின்றது. இரு கண்ணும் இழந்தவரின் துயரைச் சமூகம் துயரென ஏற்றுக்கொள்கின்றது. அவருக்கென வெண்பிரம்பும் பாடசாலைகளும் சங்கங்களும் உள. ஒரு கண் இழந்தவரோ பார்வையுடையோர் வரிசையிலும் முழுமையாக நிற்காதவர். பார்வையற்றோர் வரிசையிலும் சேராதவர். வாசிக்கின்றார், நடக்கின்றார், தொழிலுக்குச் செல்கின்றார். ஆகவே அவருக்கு ஒரு குறையுமில்லை எனப் பிறர் எண்ணுகின்றனர். சில மாதங்களின் பின் அவர் உறக்கமின்றியும் ஊணில் விருப்பின்றியும் இருப்பதைக் காணும்போது, அதற்கும் கண்ணுக்கும் தொடர்புண்டென எவரும் கருதுவதில்லை. இத்தொடர்பினை விளக்குவதே நமது நோக்கம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றது. பிறரால் எளியராக நோக்கப்படும் இளிவு, உடையதொன்றை இழக்கும் இழவு, முன்னிருந்த நிலை கெட்டு வேறொருவராகி வருந்தும் அசைவு, போகந் துய்க்கப்பெறாத வறுமை என்பன அவை. செய்யுளின் சுவையை ஆராயப் பிறந்த இப்பகுப்பு, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது. கண் போனது இழவு. தச்சராகவோ சாரதியாகவோ மீன்பிடிப்பவராகவோ இருந்தவர் அத்தொழிலை விடநேரின், வறுமையும் பின்தொடரும். வழியில் எதிர்ப்பட்டாற் சகுனத்தடை என முகஞ்சுளிப்பவரும், பட்டப்பெயர் சூட்டி மகிழ்பவரும் நம்மிடையே இன்னும் உளர், அது இளிவு. இவற்றுள் மிகக் கொடியது அசைவே என்பது நமது கருத்து. ஏனைய மூன்றையும் பிறர் காணலாம். அசைவை உரியவர் மட்டுமே உணர்வார். நேற்றுவரை சிந்தாமல் தேநீர் வார்த்த கை இன்று மேசையில் வார்க்கும்போது, ‘நான் பழைய நானல்லேன்’ என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் எழுகின்றது.

தேநீர் ஏன் சிந்துகின்றது என்பதை விளங்கிக்கொள்வது உளநலத்துக்கும் உதவுமாதலின் அதனைச் சிறிது விரித்து நோக்குவாம். நம் இரு கண்களும் சில அங்குல இடைவெளியில் அமைந்தவை. ஆதலால் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களிற் காண்கின்றன. அவ்வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழவுணர்வைப் படைக்கின்றது என்பதை 1838 இல் இங்கிலாந்தின் சாள்ஸ் வீற்ஸ்ரன் தாம் அமைத்த திண்மக்காட்டியின் வாயிலாக நிறுவினார். ஒரு கண் போனதும் இவ்வகை ஆழவுணர்வு முற்றாக அற்றுவிடுகின்றது. பக்கப் பார்வையும் குறைகின்றது. இரு கண்ணாற் கிடைக்கும் ஏறத்தாழ 180 பாகை அகலமான காட்சிப்புலம் 150 பாகையளவாகச் சுருங்குகின்றது. ஆயினும் இரு கண்ணின் ஒப்பீட்டால் வரும் ஆழவுணர்வு பெரிதும் பயன்படுவது கைக்கெட்டும் தூரத்திலேயே. தொலைவை அறிய மூளைக்கு வேறு பல குறிப்புகள் உள: அண்மைப் பொருள் சேய்மைப் பொருளை மறைத்தல், பழகிய பொருளின் உருவளவு, நிழல், தலையை அசைக்கும்போது அருகிலுள்ளவை விரைந்தும் தொலைவிலுள்ளவை மெதுவாகவும் நகர்வதுபோற் தோன்றல் என்பன அத்தகையன. இவற்றை ஒற்றைக் கண்ணே தரவல்லது. மூளை இவற்றிற் கூடுதலாகத் தங்கியிருக்கப் பழகுகின்றது. பழகச் சில மாதங்கள் முதல் ஓராண்டளவு செல்லலாம்.

இக்காலப் பகுதியில் சில எளிய உபாயங்கள் கைகொடுக்கும். வார்க்கும் பாத்திரத்தின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் தொடவைத்து வார்த்தல், படியிறங்குமுன் கைப்பிடியைப் பற்றிக் காலால் விளிம்பைத் தடவியறிதல், பஸ்வண்டியின் மிதிபலகையில் ஏறுமுன் ஒருகணம் தலையைப் பக்கமாக அசைத்துப் பார்த்தல், உடன்வருவோரைப் பார்வையுள்ள பக்கத்தில் நடக்கச் செய்தல் ஆகியன அவை. நம் நாட்டில் வாகனங்கள் வீதியின் இடப்புறமாகச் செல்வதால், வீதியைக் கடப்பவரை முதலில் நெருங்கும் வாகனம் வலப்புறமிருந்தே வரும். ஆதலின் வலக்கண் இழந்தவர் கழுத்தை முழுவதும் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை முயன்று பெறவேண்டும். அமெரிக்க விமானியான பிறாங் பிறேடி, விமானத்தின் முகப்புக் கண்ணாடியை உடைத்துவந்த வாத்து ஒன்றினாற் கண்ணை இழந்தவர். 1972 இல் அவர் எழுதிய கைந்நூல் இத்தகைய உபாயங்களாலேயே ஆயது. அது பல பதிப்புகள் கண்டமைக்குக் காரணம், அறிவுரைக்குப் பதிலாகச் செய்முறையைத் தந்தமையே எனலாம்.

இனி உள்ளத்தை நோக்குவாம். பதகளிப்பு, மனச்சோர்வு என்னும் இரண்டும் ஒருங்கு வருவன, எனினும் ஒன்றல்ல. பதகளிப்பு வரப்போவதை அஞ்சுவது. மனச்சோர்வு போனதிலேயே தங்கிவிடுவது. நம்மவர் இரண்டையும் ‘யோசனை’ என்ற ஒரு சொல்லால் குறிப்பதுண்டு. அன்றி, நெஞ்சு படபடப்பு, தலையிடி, உடம்பெரிவு என உடல்மொழியிற் கூறுவதும் உண்டு. அதனால் மருத்துவரிடம் சென்றவர் தலையிடிக்கு மருந்துபெற்று மீள்கின்றார். யோசனை அப்படியே இருக்கின்றது.

ஒரு கண் இழந்தவரின் பதகளிப்பு பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றிச் சுழல்கின்றது: மற்றக் கண்ணும் போய்விடுமோ? அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை எனப் புறத்தேயுள்ள நான்கினைத் தொல்காப்பியர் கூறினார். இங்கு அச்சத்தின் காரணம் தன் முகத்திலேயே இருக்கின்றது. விட்டு ஓடவும் வழியில்லை. ஆதலால் உரியவர் நாளொன்றுக்குப் பலமுறை சுவர் நாட்காட்டியின் எழுத்துகளைப் பார்த்துத் தம் பார்வையைச் சோதிக்கின்றார். முன்பு கவனியாத மிதக்கும் புள்ளிகள் இப்போது கண்ணிற் படுகின்றன. சோதனை சிறிதுநேர ஆறுதலைத் தந்து, பின் மேலும் ஒரு சோதனையைக் கேட்கின்றது. இச்சுழலை அறுப்பதற்கு உரிய வழி, கண் மருத்துவரிடம் தெளிவாக ஒன்றைக் கேட்டறிதலே: ‘எனக்கு நேர்ந்தது மற்றக் கண்ணையும் தாக்கும் இயல்புடையதா?’ விடை நோய்க்கு நோய் வேறுபடும். குளுக்கோமா இரு கண்ணையும் பற்றக்கூடியது. விழித்திரை விலகல் ஒரு கண்ணில் நேர்ந்தவருக்கு மற்றதிலும் நேரும் வாய்ப்புக் கூடுதல். அடிபட்டு இழந்த கண்ணோ பொதுவாக மற்றதைப் பாதிப்பதில்லை. ஊடுருவிய காயத்தின் பின் நலமான கண்ணும் அழற்சியுறும் நிலை ஒன்றுண்டு. அது மிக அரிது. விடையறிந்தபின், குறித்த கால இடைவெளியில் மருத்துவரே சோதிக்கட்டும் என விட்டுவிடுதல் நன்று. திடீர்ச் சிவப்பு, நோவு, ஒளிக்கூச்சம், மின்னல்போன்ற ஒளி, திரை விழுவதுபோன்ற மறைப்பு ஆகியன தோன்றின் மட்டும் அன்றே செல்லவேண்டும்.

‘ஒரு கண் இருவர் வேலை செய்வதால் விரைவில் தேய்ந்துபோகும்’ என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வேரூன்றியது. இதனால் வாசிப்பை நிறுத்திய மாணவரும் தையலைக் கைவிட்ட பெண்களும் உளர். வாசிப்பதாலும் தைப்பதாலும் கண் தேய்வதில்லை. களைப்பு வரும், ஓய்ந்தால் தீரும். காக்கப்படவேண்டியது வேலையிலிருந்தன்று, காயத்திலிருந்தே. எளிதில் உடையாத பொலிகாபனேற்று வில்லை பொருத்திய கண்ணாடியை எப்போதும் அணிதல், குறிப்பாக இரும்புப் பட்டறையிலும் அரிவு வெட்டிலும் அணிதல், அச்சத்தைச் செயலாக மாற்றும் வழியுமாகும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பார்வை போன கண்ணின் பக்கத்தில் ஒளிகளோ கோலங்களோ சிலருக்கு உருவங்களோ தோன்றுவதுண்டு. பார்வையிழந்த தம் பாட்டனாருக்கு இவ்வாறு தோன்றியதை 1760 இல் ஜெனீவாவைச் சேர்ந்த சாள்ஸ் பொனே எழுதிவைத்தார். காட்சி வாராத மூளைப்பகுதி தானே காட்சியைப் படைப்பதால் இது நேர்கின்றது. இது சித்தப்பிரமையன்று, பேய்க்குணமுமன்று. பித்தன் எனப் பெயர்வருமோ என அஞ்சி இதனை மறைப்போர் வீணே துன்புறுகின்றனர்.

மனச்சோர்வினை இயல்பான துக்கத்திலிருந்து பிரித்தறிதல் அவசியம். துக்கம் அலைபோல வந்து தணியும். இடையில் சிரிப்பும் வரும். இரு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதி விருப்பற்ற நிலை, அதிகாலையில் விழிப்பு, பசியின்மை, ‘என் கவனக்குறைவாலேயே போயிற்று’ என்ற ஓயாத தற்பழி ஆகியன தொடர்ந்தால் அது நோய். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை வெளிப்பட்டாலும் காத்திருத்தல் கூடாது. அன்றே மருத்துவமனையை நாடவேண்டும்.

இத்தகையோருக்கு வீரர் கதைகளைச் சொல்வது நம்மிடையே வழக்கம். 1961 யூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் மோட்டார் விபத்தில் வலக்கண் பார்வையை இழந்த பட்டோடி, அவ்வாண்டு டிசெம்பரிலேயே இந்திய அணியில் இடம்பெற்றார். அடுத்த யனவரியில் சென்னையில் 103 ஓட்டங்கள் பெற்றார். 21 வயதில் அணித் தலைவருமானார். இக்கதை கேட்க இனியது. ஆனால் படுக்கையில் கிடப்பவர் காதில் அது ‘உன்னால் ஏன் முடியவில்லை’ என ஒலிக்கக்கூடும். அவருக்கு நாம் கூறத்தக்கது பட்டோடியின் ஓட்டக் கணக்கன்று. குவளையில் ஊற்றிய நீர் அவருக்கும் மேசையில் வழிந்தது என்பதும், சிகரெட்டைப் பற்றவைக்க நீட்டிய தீக்குச்சி அதன் நுனியைத் தவறவிட்டது என்பதுமே. அவ்வகையில் நரம்பியல் மருத்துவர் ஒலிவர் சாக்ஸ் 2010 இல் வெளியிட்ட, ‘மனக்கண்’ எனப் பொருள்படும் தலைப்புடைய நூல் மேலானது. 2005 இல் தம் வலக்கண்ணிற் புற்றுக்கட்டி கண்டறியப்பட்டது முதல் அவர் எழுதிய நாட்குறிப்பில் அச்சமும் புலம்பலும் மறைக்கப்படவில்லை.

நம் மரபிலும் இதற்கு இடமுண்டு. திருவொற்றியூரை நீங்கியதும் இருகண் பார்வையும் இழந்த சுந்தரர், காஞ்சியில் இடக்கண் பெற்றார். ஒரு கண் கிடைத்ததே போதுமென அவர் அமைந்துவிடவில்லை. திருவாரூர்வரை சென்று, மற்றதற்காக இறைவனோடு வழக்காடினார் என்பதைப் பெரியபுராணம் வழி அறிகின்றோம். தம்பிரான் தோழருக்கு உரிமையான முறைப்பாட்டை ஏனையோருக்கு மறுப்பது எங்ஙனம்?

சிகிச்சை பற்றிச் சில. உளவளத்துணையில் முதலிற் செய்யப்படுவது, கைவிட்ட செயல்களைச் சிறு படிகளாக மீளத் தொடங்கச் செய்தலாகும். சந்தைக்குத் தனியே போகாதவர் முதலிற் சந்திவரை போகிறார். ‘இனி எதற்கும் உதவேன்’ போன்ற எண்ணங்களைச் சான்றோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் முறையை ஆரன் பெக் 1960களிலிருந்து வளர்த்தெடுத்தார். மூச்சுப் பயிற்சி முதலாய சாந்தவழி முறைகள் படபடப்பைத் தணிப்பன. மருந்து தேவைப்படின் அதனை ஏற்பதில் இழுக்கில்லை. ஆனால் கண்ணின் நிலையை உளமருத்துவரிடம் கூறவேண்டும். மனச்சோர்வுக்குரிய சில மருந்துகள், குறுகிய முன்னறைக் கோணம் உடையோரின் கண்ணழுத்தத்தைத் திடீரென உயர்த்தவல்லன. மறுதலையாக, கண்ணழற்சிக்கு விழுங்கும் ஸ்ரீரொயிட்டு மாத்திரைகள் மனநிலையைக் குலைக்கக்கூடியன. அவற்றைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. இரு மருத்துவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கும்படி, மருந்துத் துண்டுகளை ஒரே உறையிலிட்டு எடுத்துச்செல்வது வீட்டாரின் பொறுப்பாகட்டும்.