விதி எழுதியவர்கள் மாணவர்கள்

சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30-ல். அடுத்த ஜனவரியிலேயே நியூயார்க் நகரப் பள்ளிகள் அதற்குத் தடை போட்டன. மே மாதம் தடையை விலக்கிக்கொண்டன. கைப்பேசியில் திறந்து கிடப்பதைப் பள்ளியில் மட்டும் பூட்டி என்ன பயன்?

அதே பருவத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேறொன்று நடந்தது. தரவு, சமூகம், அறம் என்ற பாடத்தை நடத்திய பேராசிரியர் வெஸ்லி வைல்ட்மேன், செயற்கை நுண்ணறிவுக்கான விதியை எழுதும் வேலையை வகுப்பிடமே விட்டார். மாணவர்கள் எழுதியதைக் கணினி, தரவு அறிவியல் புலம் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது.

பிள்ளைகள் கையில் விட்டால் தங்களுக்குச் சலுகையாகத்தான் எழுதிக்கொள்வார்கள் என்பவர்கள் அதைப் படித்துப் பார்க்கலாம். யோசனை கேட்க மட்டும் கருவியைத் தொட்டிருந்தாலும் சொல்லியாக வேண்டும். கட்டுரையின் பின்னால் ஓர் இணைப்பு: கருவியோடு நடந்த உரையாடல் முழுவதும், எந்தக் கருவி, எதற்குப் பயன்பட்டது, ஏன் தேவைப்பட்டது. நேரம் மிச்சம் பிடிக்கவா, எழுத்து ஓடவில்லையா என்பது வரை எழுத வேண்டும். (சில சமயம் கட்டுரையையே சொந்தமாக எழுதிவிடுவது சுலபம்.)

மதிப்பெண் விதி இன்னும் கறார். கருவியைத் தொடாதவரின் கட்டுரைதான் அளவுகோல். உதவி வாங்கியவர், வாங்கிய அளவுக்குத் தக்கபடி கீழிருந்து தொடங்க வேண்டும். வந்ததை அப்படியே ஒட்டினால் பூஜ்யம். ராத்திரி கண்விழித்து எழுதியவருக்கும் பத்து நிமிடத்தில் முடித்தவருக்கும் ஒரே மதிப்பெண் விழுந்தால் வயிறு எரிவது யாருக்கு? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். ஆசிரியர்களுக்கும் வீட்டுப்பாடம் உண்டு: இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடறுவது ஓரிடத்தில். இயந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை மாணவரும் ஆசிரியரும் பயன்படுத்த வேண்டும் என்கிறது விதி. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, அப்படிப்பட்ட தன் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் கைவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இத்தகைய 7 கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்றன அவை.

மாணவர்களை வைத்து விதி எழுத நினைக்கும் எந்த வகுப்பும், இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படித்தவர்களை அந்த மேசையில் முதலில் உட்கார வைக்கலாம். அந்த மென்பொருளின் பிழை விழுவது அவர்கள் தலையில்தான்.