டாக்டர் குணம் அம்மையார்

காரைக்காலில் அரசலாறு கடலோடு கலக்குமிடத்தில் நிற்பவருக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிரெஞ்சுக் கொடி பறந்த இத்துறையிலிருந்து ரீயூனியனுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய ஏழை ஜனங்களின் ஞாபகம் எழாமலிராது. அவ்வாறு சென்றோரின் சந்ததி அந்நிய மண்ணில் என்ன ஆயிற்று என்பதற்கு, குவாதலூப் தீவில் 1904 முதல் 1923 வரை சளைக்காமல் வழக்காடி, இந்தியரின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பிரஜா உரிமையைப் பெற்றுத் தந்த ஆன்ரி சிதம்பரம் ஒரு சாட்சி. ஆங்கிலக் கொடியின்கீழ், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிறந்து வைத்தியரான குணம் அம்மையார் மற்றொரு சாட்சி. எனக்கென்னவோ அம்மையாரின் சரித்திரமே அதிக ரசமுள்ளதாகத் தோன்றுகிறது.

1860 முதல் 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய நேட்டாலில், குடியேறிய இந்தியக் குடும்பமொன்றில் 1906இல் டர்பன் நகரில் பிறந்த குணரத்தினம் நாயுடு, இந்தியருக்கு வைத்தியம் பயில உள்ளூரில் வழியே இல்லாத காரணத்தால் (நேட்டால் வைத்தியக் கலாசாலை 1951இல்தான் தோன்றிற்று) எடின்பரோவுக்குச் சென்று படித்து, 1936இல் டாக்டராகத் திரும்பினார். கன்னிப் பெண்ணைத் தனியே சீமைக்கு அனுப்பும் தைரியம் அக்காலத்தில் நம் ஊர்ப் பெற்றோரில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்!

வெள்ளைத் தாதியர் இந்திய டாக்டரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியார் என்று கூறி ஆஸ்பத்திரி உத்தியோகம் மறுக்கப்படவே, அம்மையார் சொந்தமாக வைத்தியசாலை வைத்தார். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பரம்பரைக்கும் நவீனத்துக்கும் இடையே அல்லாடுவதாகக் கூறுவது இன்றைய சம்பிரதாயம். ஆண் டாக்டரிடம் வாய்திறக்கக் கூசிய இந்தியப் பெண்கள் இவரை நாடி வந்ததற்கோ, எடின்பரோ பட்டம் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் இவர் தம்மவர் என்பதும்.

இந்தியரின் நில உரிமையைக் கட்டுப்படுத்திய 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துச் சாத்விகப் போரில் இறங்கிச் சிறை சென்றார். நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவர்களில் ஒருவராகவும் விளங்கினார். பிற்காலத்தில் இங்கிலாந்திலும் ஜிம்பாப்வேயிலும் வசித்து, 1990இல் தாய்நாடு திரும்பினார். அவருக்குத் தாய்நாடு தென்னாப்பிரிக்காவேயன்றி இந்தியா அன்று. மறு ஆண்டு வெளியான சுயசரிதைக்கு, ஏளனமாக வீசப்பட்ட ‘கூலி டாக்டர்’ என்ற பெயரையே சூட்டினார். நிறவெறி ஆட்சி வீழ்ந்ததைக் கண்ணாரக் கண்ட பின்னரே, 1998இல் காலமானார்.