அமெச்சூர் தானுந்துப் பந்தயங்களில் புரவலர் ஆதரவு

அமெச்சூர் தானுந்துப் பந்தயங்களில் புரவலர் ஆதரவு என்பது, பந்தயம் ஓட்டுவதைத் தொழிலாகக் கொள்ளாத ஓட்டுநர் ஒருவருக்கோ சிறு அணிக்கோ ஒரு வணிக நிறுவனம் பணமாகவோ பொருளாகவோ சேவையாகவோ வழங்கும் உதவியையும், அதற்கு ஈடாக அந்நிறுவனம் பெறும் விளம்பர உரிமைகளையும் குறிக்கும். புரவலரைத் தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் ஸ்பான்சர் என்றும், இலங்கையில் அனுசரணையாளர் என்றும் அழைப்பர். இது நன்கொடை அன்று. நன்கொடையாளர் ஈடாக எதையும் எதிர்பார்ப்பதில்லை, புரவலர் எதிர்பார்க்கிறார். இவ்வேறுபாட்டை உணராமல் உதவி கேட்பதே பெரும்பாலான வேண்டுகோள்கள் மறுமொழியின்றிப் போவதற்குக் காரணமாகும்.

பின்னணி

துடுப்பாட்டத்திலோ காற்பந்திலோ ஒரு மட்டையும் பந்தும் இருந்தால் திறமையைக் காட்டத் தொடங்கலாம். தானுந்துப் பந்தயத்தில் அவ்வாறு இயலாது. வண்டி அல்லது வண்டியின் வாடகை, வட்டகை (டயர்), எரிபொருள், நுழைவுக் கட்டணம், போட்டி உரிமம், தீப்பிடிக்காத உடை, தலைக்கவசம், இயந்திர வினைஞர் ஊதியம், வண்டியை ஏற்றிச் செல்லும் செலவு என அனைத்தும் முதல் சுற்றுக்கு முன்பே தேவைப்படும். மோதல் ஒன்று நிகழ்ந்தால் அதன் பழுதுச் செலவு தனி. அமெச்சூர் நிலையில் பரிசுத் தொகை இச்செலவை ஈடுசெய்வதில்லை. ஆகவே ஓட்டுநரின் குடும்பச் செல்வம் அல்லது புரவலர் ஆகிய இரண்டில் ஒன்றே அவர் எத்தனை ஆண்டு களத்தில் இருப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது. வேகமாக ஓட்டத் தெரிந்தும் இரண்டாம் ஆண்டிலேயே விலகிப் போனவர்கள் ஒவ்வொரு பந்தயத் தடத்திலும் உண்டு.

வரலாறு

பன்னாட்டுப் பந்தயங்களில் நெடுங்காலம் வண்டிகள் நாட்டின் நிறத்தையே தாங்கின. பிரித்தானியா பச்சை, இத்தாலி சிவப்பு, பிரான்சு நீலம், செருமனி வெள்ளி நிறம். 1968 ஆம் ஆண்டில் பார்முலா 1 பந்தயங்களில் விளம்பரத் தடை தளர்த்தப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் எசுப்பானியாவின் சரமா தடத்தில் லோட்டசு அணி தன் பச்சை நிறத்தைக் கைவிட்டு, கோல்ட் லீஃப் என்னும் சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறங்களில் வந்தது. கிரகாம் இல் அவ்வண்டியில் வெற்றியும் பெற்றார். அதன் பின்னர் பல பத்தாண்டுகளுக்குப் புகையிலை நிறுவனங்களே பந்தயங்களின் பெரும் புரவலர்களாக விளங்கின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 சூலை இறுதியில் இது தடை செய்யப்பட்டது. இந்தியாவில் 2003 ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் இத்தகைய விளம்பரத்தையும் புரவலர் ஆதரவையும் தடுக்கிறது.

இந்தியப் பந்தயங்களின் தொட்டில் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம் ஆகும். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்றில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பந்தயங்களை நடத்தி வந்தது. 1990 இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான தடம் ஒன்று பயன்பாட்டுக்கு வந்தது. இவ்விரு தடங்களையும் சுற்றி வளர்ந்த பந்தயங்களுக்குத் தொடர்ந்து துணை நின்றவை வட்டகை நிறுவனங்களே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப்., பின்னர் ஜே.கே. டயர் ஆகியவை தத்தம் பெயரில் பந்தயத் தொடர்களையே நடத்தின. இதற்கான காரணம் எளிது: வேகத்தையும் பிடிப்பையும் விற்கும் பொருளுக்குப் பந்தயத் தடத்தை விடப் பொருத்தமான கடை சாளரம் இல்லை.

கோயம்புத்தூரின் பங்கு வேறு வகையானது. அந்நகரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 வண்டியின் பொறியைக் கொண்டு பார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கை வண்டியை உருவாக்கினார். பந்தயத்துக்குள் நுழையும் செலவை இவ்வண்டி பெரிதும் குறைத்தது. அவர் 1995 இல் வானூர்தி விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அதே நகரின் சங்கிலி உற்பத்தி நிறுவனமான எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் பெயர் பார்முலா எல்.ஜி.பி. என்ற பந்தய வகுப்பின் பெயராகவே நிலைத்துவிட்டது. புரவலர் ஆதரவின் உச்சநிலை என இதனைக் கூறலாம்: விளம்பரம் வண்டியின் மேல் ஒட்டப்படவில்லை, வண்டியே விளம்பரமாயிற்று.

பார்முலா மாருதியில் தொடங்கிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். அவருக்கு டாட்டா குழுமத்தின் ஆதரவு இருந்தது. 2010 இல் அந்நிலையை அடைந்த சென்னை கருண் சந்தோக்கை ஜே.கே. டயர் ஆதரித்தது. இருவருடைய திறமையும் ஐயத்திற்கு இடமற்றது. எனினும் பந்தய உலகில் திறமை கதவைத் தட்டும், பணமே அதனைத் திறக்கும் என்பதற்கு இவர்கள் கடந்து வந்த பாதையும் சான்று.

ஆதரவின் வகைகள்

பணம் தரும் புரவலர் அமெச்சூர் நிலையில் அரிதானவர். பெரும்பாலோருக்கு முதலில் கிடைப்பது பொருளுதவியே. உயவு எண்ணெய், வட்டகைத் தள்ளுபடி, வண்ணப்பூச்சு, ஒட்டுப்படம் அச்சிடல், பட்டறை இடம், வண்டியை ஏற்றிச் செல்ல ஒரு சரக்குந்து போன்றவை இதில் அடங்கும். பொருளுதவியைக் குறைவாக எண்ணுதல் தவறு. எப்படியும் செலவிட வேண்டிய 20,000 ரூபாய் மதிப்புள்ள பொருள் இலவசமாகக் கிடைத்தால் அது 20,000 ரூபாய்ப் பணமே ஆகும். ஆனால் தேவையற்ற பொருளை வாங்கிக்கொண்டு வண்டியின் சிறந்த இடத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

ஐக்கிய அமெரிக்காவில் மற்றொரு முறை பரவலாக உள்ளது. நிறுவனம் முன்கூட்டி எதையும் தருவதில்லை. அதன் ஒட்டுப்படத்தைத் தாங்கி, அதன் பொருளைப் பயன்படுத்தி, குறிப்பிட்ட இடத்தில் முடிக்கும் எவருக்கும் பரிசாகப் பணமோ பற்றுச்சீட்டோ வழங்கும். 1944 இல் தொடங்கப்பட்ட அமெரிக்க விளையாட்டுத் தானுந்துக் கழகத்தின் பந்தயங்களில் அமெச்சூர் ஓட்டுநர்கள் இவ்வாறு செலவின் ஒரு பகுதியை மீட்கின்றனர்.

புரவலரைத் தேடல்

புதியவர்கள் வழக்கமாக நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களின் விளம்பரத் துறைகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்புகின்றனர். அத்துறைகளுக்கு இத்தகைய கடிதங்கள் ஏராளமாக வருகின்றன. உரிமையாளரே முடிவெடுக்கும் உள்ளூர் நிறுவனம், ஓட்டுநரின் குடும்பமோ நண்பரோ பணிபுரியும் நிறுவனம், ஓட்டுநர் ஏற்கெனவே பொருள் வாங்கும் கடை ஆகியவற்றில் தொடங்குவதே பயன் தரும்.

எந்த நிறுவனத்தை அணுகுவது என்பதை ஒரு சிறு கணக்கு தெளிவாக்கும். பின்வரும் எண்கள் முறையை விளக்குவதற்காக மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டவை. உதிரிப்பாகக் கடை ஒன்றிடம் 1,00,000 ரூபாய் கேட்கப்படுவதாகக் கொள்வோம். கடையின் இலாப விகிதம் 10 விழுக்காடு எனில், அத்தொகையை மீட்க அக்கடை கூடுதலாக 10,00,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் சராசரியாக 5,000 ரூபாய்க்கு வாங்குவார் எனில் 200 புதிய வாடிக்கையாளர்கள் தேவை. தடத்தில் சில நொடிகள் கடந்து செல்லும் வண்டியின் கதவில் உள்ள பெயரைப் பார்த்து 200 பேர் கடைக்கு வருவார்களா? வரமாட்டார்கள். இதே தொகையை இயந்திரக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றிடம் கேட்டால் நிலைமை மாறுகிறது. அதே 10 விழுக்காட்டு இலாபத்தில், 10,00,000 ரூபாய் மதிப்புள்ள ஒரே ஒரு புதிய ஆணை கிடைத்தாலே செலவு மீண்டுவிடும். அந்நிறுவனம் தன் வாங்குநர்கள் நால்வரைப் பந்தய நாளில் விருந்தினராக அழைத்து வந்து, வண்டியின் அருகே நிற்க வைத்து, மதிய உணவு அளித்துப் பேசினால் அந்த ஆணை கிடைக்கும் வாய்ப்பு உண்டு.

ஆகவே ஓட்டுநர் விற்கும் பண்டம் வண்டியின் மேற்பரப்பு மட்டும் அன்று. கடை வாசலில் வண்டியை நிறுத்துதல், முகவர் கூட்டத்தில் பேசுதல், தொழிற்கண்காட்சி அரங்கில் வண்டியை வைத்தல், ஊழியர்களின் குடும்பங்களைத் தடத்துக்கு அழைத்தல், ஒளிப்படங்களையும் நிகழ்படங்களையும் நிறுவனம் பயன்படுத்த அனுமதித்தல் ஆகியனவும் பண்டங்களே. உதிரிப்பாகக் கடைக்கும் கூட, கதவில் எழுதும் பெயரை விட வாசலில் இரு நாட்கள் நிற்கும் வண்டியே அதிகம் பயன்படக்கூடும்.

வேண்டுகோள் இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் இருத்தல் நலம். ஓட்டுநர் யார், எந்தத் தொடர், எத்தனை சுற்றுகள், எங்கு, எப்போது, நிறுவனத்துக்கு என்ன கிடைக்கும், அதற்கு எவ்வளவு என்பவை போதும். சிறுவயதுக் கனவுகள் பற்றிய நீண்ட முன்னுரை வேண்டியதில்லை. பார்வையாளர் எண்ணிக்கையை மிகைப்படுத்துவதும் கூடாது. புரவலர் ஒருமுறை தடத்துக்கு வந்து வெற்று இருக்கைகளைப் பார்த்தால் அத்துடன் உறவு முடிந்துவிடும்.

காலமும் முக்கியமானது. இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் பல நிறுவனங்கள் விளம்பர ஒதுக்கீட்டை அதற்கு முந்தைய மாதங்களிலேயே முடிவு செய்கின்றன. பந்தயப் பருவம் நெருங்கிய பின் கேட்பவருக்கு எஞ்சியதே கிடைக்கும்.

நிறுவன சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து உதவி கேட்பது மாணவர்களிடையே காணப்படும் ஒரு தவறான புரிதலாகும். 2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் அந்நிதியைச் சில வகை விளையாட்டுப் பயிற்சிகளுக்குச் செலவிட இடம் அளித்தாலும், தன் பொருளுக்குச் சந்தைப் பயன் கிடைக்கும் வகையில் வழங்கும் புரவலர் ஆதரவை அதற்கான விதிகள் விலக்குகின்றன. வண்டியில் சின்னத்தை ஒட்டுவதாக உறுதியளித்து அந்நிதியைக் கேட்பது தனக்குத்தானே முரணான வேண்டுகோள்.

முன்கட்டணம் பெற்றுக்கொண்டு புரவலரைத் தேடித் தருவதாகக் கூறும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கை தேவை. கிடைத்த தொகையில் பங்கு பெறும் முகவர் முறை ஏற்கத்தக்கது. கிடைக்கும் முன்பே பணம் கேட்பவரை விட்டு விலகுவதே நன்று.

ஒப்பந்தம்

உறவினரின் நிறுவனமாயினும் எழுத்து வடிவிலான ஒப்பந்தம் அவசியம். எந்த இடத்தில், எந்த அளவில் சின்னம் இடம்பெறும், பணம் எத்தனை தவணைகளில் வரும், சுற்று ஒன்று இரத்தானால் என்ன செய்வது, வண்டி சேதமடைந்து பருவம் பாதியில் நின்றால் மீதித் தொகை என்னவாகும் என்பன அதில் இருக்க வேண்டும்.

விற்பதற்கு முன் அந்த இடம் தன்னுடையதா என்பதை ஓட்டுநர் உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்தியாவில் ஓட்டுநர்கள் பலர் அணி ஒன்றிடம் வண்டியை வாடகைக்குப் பெற்று ஓட்டுகின்றனர். அவ்வண்டியின் பக்கங்கள் அணிக்குச் சொந்தம். ஓட்டுநருக்கு உரியவை தலைக்கவசமும் உடையும் மட்டுமாக இருக்கலாம். 2010 இல் இந்தியாவில் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ கோப்பை போன்ற ஒரே வகை வண்டித் தொடர்களில் வண்டிகளை நடத்துநரே பராமரிப்பதால், இடம் பற்றிய விதியையும் அவரே வகுப்பார். மேலும் தொடரின் பெயர்ப் புரவலர் ஒரு வட்டகை நிறுவனம் எனில் போட்டி வட்டகையின் சின்னத்தை ஒட்ட அனுமதி கிடைக்காது. இவற்றைக் கேட்டறியாமல் கையொப்பமிட்டவர், முதல் சுற்றின் பரிசோதனையின்போது புரவலரின் கண் முன்னே சின்னத்தை உரித்தெடுக்க நேரிடும்.

உறவைப் பேணுதல்

புதிய புரவலரைத் தேடுவதை விட இருக்கும் புரவலரைத் தக்கவைத்தல் எளிது. ஆயினும் பணம் வந்தவுடன் ஓட்டுநரின் கவனம் வண்டியின் பக்கம் திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் இரு நாட்களுக்குள் முடிவு, நான்கைந்து ஒளிப்படங்கள், செய்தித்தாள் குறிப்பு இருப்பின் அதன் படி ஆகியவற்றை அனுப்புவது அடிப்படைக் கடமை. பொறி பழுதாகி இரண்டாம் சுற்றிலேயே நின்றாலும் அதனையும் எழுத வேண்டும். தோல்வியைப் புரவலர்கள் பெரும்பாலும் மன்னிக்கின்றனர். பிறர் வாயிலாக அதனைக் கேள்விப்படுவதை மன்னிப்பதில்லை.

இங்கு ஓர் ஆபத்தும் உண்டு. விருந்தினர்கள் வந்து அமர்ந்திருக்கும்போது, சரியாகச் செப்பனிடப்படாத வண்டியையோ காயம்பட்ட உடலையோ கொண்டு களமிறங்கும் அழுத்தம் ஓட்டுநருக்கு ஏற்படுகிறது. பாதுகாப்புக் காரணத்தால் விலக நேர்ந்தால் அது ஒப்பந்த மீறல் ஆகாது என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தல் வேண்டும். அதே போல, வரும் பணத்தில் முதற்செலவு பாதுகாப்புக் கருவிகளுக்கே உரியது. பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் தரம் பெற்ற இருக்கைப் பட்டைகள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகின்றன. அவை பார்வைக்குப் புதிதாகத் தோன்றுவதால், பணம் குறையும்போது முதலில் தள்ளிப்போடப்படுவதும் அவையே. புரவலரின் பெயர் பளபளக்கும் வண்டியில் காலாவதியான பட்டையுடன் அமர்வது அறிவுடைமை ஆகாது.

வரி

வணிக நோக்குடன் செய்யப்படும் புரவலர் செலவைப் பொதுவாக நிறுவனம் தன் விளம்பரச் செலவாகக் கணக்கில் காட்டலாம். இதனைப் பேச்சின்போது எடுத்துரைப்பது சிறு நிறுவனங்களிடம் பயன் தரும். 2017 இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில், தனிநபர் ஒருவர் கம்பனிக்கு வழங்கும் புரவலர் சேவைக்கு, வரியைச் சேவை பெறும் கம்பனியே செலுத்தும் தலைகீழ் முறை பின்பற்றப்படுகிறது. அணி ஒரு கம்பனியாகப் பதிவு பெற்றிருந்தால், 2025 சனவரி முதல் அவ்வணியே வரியை வசூலித்துச் செலுத்த வேண்டும்.

மாணவர் அணிகள்

பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே ஒற்றை இருக்கை வண்டியை வடிவமைத்து ஓட்டும் போட்டிகள் 1981 இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கின. இந்தியாவில் இவ்வகையைச் சேர்ந்த பார்முலா பாரத் போட்டி கோயம்புத்தூர் கரி தடத்தில் நடைபெற்றுள்ளது. இவ்வணிகளுக்குப் புரவலர்கள் உலோகத் தகடு, தாங்கி, கடைசல் வேலை, வடிவமைப்பு மென்பொருள் உரிமம் ஆகியவற்றை வழங்குவர். விளம்பரத்தை விட, நாளை வேலைக்கு எடுக்கத்தக்க மாணவர்களை இன்றே அடையாளம் காண்பதே அந்நிறுவனங்களின் உண்மையான ஆதாயம். எனவே மாணவர் அணியின் வேண்டுகோளில் உறுப்பினர்களின் துறையையும் செய்த பணியையும் பட்டியலிடுவது வண்டியின் படத்தை விட முதன்மையானது. இவ்வகைப் போட்டிகளின் மொத்தம் 1000 புள்ளிகளில் 75 புள்ளிகள் வணிகத் திட்டத்தை நடுவர்முன் விளக்குவதற்கு ஒதுக்கப்படுகின்றன. உள்ளூர் வார்ப்பாலை உரிமையாளர் ஒருவரிடம் சென்று பேசிப் பார்த்த அணிக்கு இப்பகுதி கடினமாக இருப்பதில்லை.