பின்பால் மேஜையும் விளையாட்டுப் பெட்டியும்

அமெரிக்காவில் பழைய விளையாட்டுக் கருவிகளைத் தேடிச் சேர்ப்போர் பலர் உளர். சிலர் நாடுவது தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியை. வேறு சிலர் நாடுவது பின்பால் மேஜையை. 2020-இல் பெருந்தொற்றால் மக்கள் வீட்டினுள் அடைபட்டபோது இரண்டின் விலையும் ஏறிற்று. ஆயினும் ஏறிய விதம் ஒன்றன்று.

பின்பாலைக் கண்டிராதவர்க்கு ஒரு சொல். சற்றே சாய்ந்த தளம், மேலே கண்ணாடி. உள்ளே ஓர் எஃகுக் குண்டு தூண்களில் மோதி, மணியடித்து, கீழ்நோக்கி உருண்டு வரும். அது குழியில் விழாதவாறு, பக்கத்துப் பொத்தான்களை அழுத்தி, இரு சிறு துடுப்புகளால் தட்டி மேலே அனுப்ப வேண்டும். மின்விசையால் இயங்கும் இத்துடுப்பு 1947-இல் காட்லீப் நிறுவனத்தாரின் 'ஹம்ப்டி டம்ப்டி' மேஜையில் வந்தது. அதற்குமுன் திறமையைவிட அதிர்ஷ்டமே மிகுதி. சூதாட்டமெனக் கருதி நியூயார்க் நகரம் 1942-இல் விதித்த தடை, துடுப்பு வந்த பின்னும் 1976 வரை நீடித்தது!

இனி விலைக்கு வருவோம். நிண்டெண்டோவின் பழைய விளையாட்டுப் பெட்டியொன்று உலகெங்கும் 6 கோடிக்கு மேல் விற்றது. இக்காலப் பின்பாலில் மிகுதியாக விற்றதெனப் பெயர்பெற்ற, 1992-ஆம் ஆண்டின் 'ஆடம்ஸ் ஃபேமிலி' மேஜையோ 20,000-க்குச் சற்றே அதிகம். 1997-இல் வந்த 'மெடீவல் மேட்னஸ்' ஏறக்குறைய 4,000 மட்டுமே. அவற்றிலும் பல, மதுக்கடைகளிலும் கேளிக்கைக் கூடங்களிலும் காசுக்கு ஆடப்பட்டுத் தேய்ந்தவை. 100 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் வேறு. மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டும் நம்மனோர்க்கு இது ஆகிற காரியமா?

எண்ணிக்கையைவிட ஆழமான காரணம் ஒன்றுண்டு. வீடியோ விளையாட்டு என்பது முடிவில் எண்களின் கோவை, அதைப் படியெடுக்கலாம். 2016-இல் நிண்டெண்டோவே 30 பழைய ஆட்டங்களை உள்ளங்கையளவு பெட்டியில் அடக்கி 60 டாலருக்கு விற்றது. பின்பாலில் உருள்வதோ மெய்யான குண்டு. 'மெடீவல் மேட்னஸ்' 2015-இல் மறுபடியும் செய்யப்பட்டபோது, மரமும் கம்பிச்சுருளும் துடுப்பும் மீண்டும் வேண்டியிருந்தன. ஆகவே அந்த நகலின் விலையும் ஆயிரக்கணக்கான டாலராகவே இருந்தது.

ஆடிப் பழகிய பெட்டி இன்றும் பெரும்பாலோர்க்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. வியப்பூட்டும் விலை, உறை பிரிக்காத ஆட்டங்களுக்குத்தான். 'சூப்பர் மேரியோ 64' ஆட்டத்தின் பிரிக்காத படியொன்று 2021 ஜூலையில் ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. பிரித்து ஆடினால் அம்மதிப்பு போய்விடும். விளையாட்டுப் பொருளை விளையாடாமல் காப்பதற்கு இவ்வளவு பணமா என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்பாலில் நிலைமை வேறு. பழுதுற்ற மேஜையைவிட ஆடக்கூடிய மேஜைக்கே மதிப்பு. ரப்பர் வளையங்கள் தேய்ந்தால் மாற்ற வேண்டும்; கம்பி அறுந்தால் ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். இவற்றை அறிந்தவரின் கூலியும் விலையோடு சேர்கிறது. வாங்கவருவோர், குண்டு ஓயாது உருண்ட தடத்தில் வண்ணம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் குனிந்து பார்த்த பின்னரே பேரம் தொடங்குகின்றனர்.