வியாதிப்படுக்கையருகே ஒரு பாடல்

சவுல் ராஜாவின் உள்ளம் கலங்கித் தவித்தபோது, சுரமண்டலம் வாசிக்கத் தேறின ஒருவனைத் தேடும்படி அவனுடைய ஊழியக்காரர் ஆலோசனை கூறினார்கள். தாவீது வந்து வாசித்தான். ராஜா ஆறுதலடைந்தான் (1 சாமுவேல் 16). ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சம்பவம் இது. இன்று உலகின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகள் சிலவற்றில் இசைச் சிகிச்சைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் பணியாற்றுகிறார்கள். பாடல் இல்லாமல் ஒரு நாளும் கழியாத நம் குடும்பங்கள், புற்றுநோயாளிக்கு இசை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

எல்லையோரத்து நோயாளியின் பாதை

பாலக்காடு மாவட்டத்தின் வாளையார், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், மறையூர், பீர்மேடு, குமுளிப் பகுதிகளிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. நம் வாசகர்களில் பலர் அங்கே பிறந்து, பிழைப்புக்காகக் கோயம்புத்தூர், திருப்பூர், சென்னை, பெங்களூரு என்று நகரங்களுக்கு வந்தவர்கள். பெற்றோர் இன்னும் தோட்டத்து லயங்களிலும் எல்லையோரக் கிராமங்களிலும் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தால், வியாதியோடு தூரமும் ஒரு பாரமாகிறது. பாலக்காட்டு எல்லையில் உள்ளவர்களுக்குக் கோயம்புத்தூர் அருகே இருக்கிறது. இடுக்கி மலைகளிலோ இரயில் பாதை இல்லை. மலைப்பாதையில் இறங்கிக் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல வேண்டும். அல்லது போடிமெட்டு வழியாகத் தேனிக்கும் மதுரைக்கும் செல்ல வேண்டும். நம் ஜனங்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று கூறும் கதிர்வீச்சுச் சிகிச்சை பொதுவாக வாரத்தில் 5 நாள் வீதம் பல வாரங்கள் நடைபெறும். அத்தனை நாளும் வீட்டையும் சபையையும் பிரிந்திருக்க நேரிடுகிறது.

கேரள மருத்துவமனையில் பேச்செல்லாம் மலையாளத்தில் நடக்கும். எல்லையோரத்துத் தமிழருக்கு அது புரியும். பதில் கூறவும் வரும். ஆயினும் நடு இரவில் வரும் பயத்தைச் சொல்லத் தாய்மொழியே வாயில் வரும். அங்கேதான் பழகிய பாடல் ஒன்று, அருகில் வந்து அமர்ந்த உறவைப்போல உதவுகிறது.

ஆராய்ச்சிகள் கூறுவது என்ன?

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தவர்கள் 2003-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடுமையான ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்காகப் பல நாட்கள் மருத்துவமனையில் தங்கியிருந்த 69 நோயாளிகள் இதில் பங்கு பெற்றார்கள். இசைச் சிகிச்சை பெற்றவர்களிடம் கலக்கமும் மனச்சோர்வும் சேர்ந்த அளவு, அதைப் பெறாதவர்களைவிட 28 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2021-ஆம் ஆண்டில் 81 ஆய்வுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. அவற்றில் பங்கு பெற்றவர்கள் 5,576 பேர். பெரியவர்களாகிய நோயாளிகளுக்கு இசை, கலக்கத்தையும் மனச்சோர்வையும் வலியையும் களைப்பையும் குறைக்கக்கூடும் என்பதே அதன் முடிவு. அதோடு, இந்த ஆய்வுகளின் உறுதி குறைவு என்றும் அது நேர்மையாகக் கூறிற்று. மாத்திரையைச் சோதிக்கும்போது மருந்தில்லாத போலி மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம். பாட்டுக் கேட்பவருக்கோ தாம் கேட்பது தெரிந்தே இருக்கும். ஆகவே கண்டிப்பான சோதனை கடினம். ஆயினும் 2023-ஆம் ஆண்டு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவச் சங்கமும் வெளியிட்ட வழிகாட்டுதலில், சிகிச்சை காலத்தில் வரும் கலக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கத்தக்க உதவிகளில் இசைச் சிகிச்சையும் இடம் பெற்றது.

இது எப்படி நடக்கிறது? வலியும் பயமும் நம் கவனத்தைப் பற்றிக்கொள்கின்றன. இசை அக்கவனத்தில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மெதுவான தாளத்தோடு மூச்சும் மெதுவாகிறது. உடலின் இறுக்கம் தளர்கிறது. பழகிய பாடலோ இன்னும் ஒரு படி மேலே சென்று, பாடிய இடத்தையும் உடன் பாடியவர்களையும் நினைவுக்குக் கொண்டுவருகிறது.

கூடிப் பாடுவதைக் குறித்தும் ஓர் ஆய்வு உண்டு. வேல்ஸ் நாட்டில் நோயாளிகளைப் பராமரிப்போர், அன்புக்குரியவரை இழந்தோர், புற்றுநோயாளிகள் ஆகிய 193 பேர் ஒரு மணி நேரம் கூடிப் பாடியபின் பரிசோதிக்கப்பட்டார்கள். மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு குறைந்திருந்தது. மனநிலையும் தெளிந்திருந்தது என்று 2016-ஆம் ஆண்டு வெளியான முடிவு கூறுகிறது. ஆகவே நோயாளிக்கு மட்டுமன்றி, கேரள மருத்துவமனைகளில் ‘பைஸ்டாண்டர்’ என்று அழைக்கப்படும் துணையிருப்பவருக்கும் பாடல் தேவைப்படுகிறது.

கேரளத்தில் நடந்தவை

எறணாகுளம் பொது மருத்துவமனையில் 2014-ஆம் ஆண்டு ஒரு நல்ல முயற்சி தொடங்கிற்று. கொச்சி பினாலே அறக்கட்டளையும் மெஹபூப் நினைவு இசைக்குழுவும் இணைந்து, புதன்கிழமைதோறும் மருத்துவமனை வளாகத்தில் இசை நிகழ்ச்சி நடத்தின. நோயாளிகளும் துணையிருப்பவர்களும் செவிலியர்களும் கூடிக் கேட்டார்கள். பயிற்சி பெற்றவர் நோயாளியோடு தனியே அமர்ந்து செய்யும் சிகிச்சை இதுவன்று. அரசு மருத்துவமனையின் ஏழை நோயாளிக்கும் இசை எட்டக்கூடும் என்பதை இது காட்டிற்று.

நோயைக் குணமாக்க இயலாத நிலையிலும் நோயாளியின் வேதனையைத் தணிக்க வேண்டும் என்னும் பணி, கோழிக்கோட்டில் 1993-ஆம் ஆண்டு டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோரின் முயற்சியால் வேரூன்றிற்று. 2008-ஆம் ஆண்டு கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் இவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுவே. உள்ளாட்சி அமைப்புகள் வழியாகச் செவிலியர்கள் படுக்கையிலிருக்கும் நோயாளிகளின் வீடு தேடி வருகிறார்கள். எல்லையோரத்தில் நமக்கு உறவினர் இருந்தால், அவர்களுடைய ஊராட்சியில் இவ்வுதவியைக் கேட்டுப் பெற வேண்டும்.

பாடலைத் தெரிந்தெடுப்பவர் யார்?

இசை உதவ வேண்டுமானால் அது நோயாளிக்குப் பிடித்த இசையாயிருக்க வேண்டும். நமக்குப் பிடித்ததை அவர்மேல் சுமத்தினால் அது ஆறுதலாகாது. இங்கே நம் சபையார் சற்று நிதானிப்பது நலம். ஒரு சகோதரி கீமோ முடிந்து வீடு திரும்பியிருப்பார். வாய்ப்புண்ணும் குமட்டலும் களைப்பும் அவரை வாட்டும். அந்நேரம் பதினைந்து பேர் அறையில் நிறைந்து, கைத்தட்டி, உரத்த சத்தமாய்ப் பாடுவார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். அவரோ மறுத்துப் பேச வெட்கப்பட்டு, தலையணையில் முகம் புதைத்துக்கொள்வார்.

மனக்கஷ்டத்தில் இருப்பவர் முன்னே பாடுவது, குளிரிலே ஒருவருடைய ஆடையைக் கழற்றுவது போன்றது என்று நீதிமொழிகள் (25:20) எச்சரிக்கிறது. பாபிலோனிலே சிறையிருந்தவர்கள், தங்களைப் பாடச் சொன்னவர்களுக்கு முன்பாகப் பாட மனமின்றித் தங்கள் கின்னரங்களைத் தூக்கி வைத்துவிட்டார்கள் (சங்கீதம் 137). பாடலைத் துதியாகக் கொண்ட அதே வேதம், பாட இயலாத நேரத்தையும் மதிக்கிறது.

ஆகையால் முதலில் கேளுங்கள்: “அம்மா, பாடட்டுமா? எந்தப் பாட்டு வேண்டும்? இன்றைக்கு வேண்டாமா?” வேண்டாம் என்றால், கையைப் பிடித்துக்கொண்டு அமைதியாய் உட்கார்ந்திருங்கள். வேண்டும் என்றால், ஒருவரோ இருவரோ தணிந்த குரலில் 20 நிமிடம் பாடினால் போதும். அவர் கேட்பது சிறு வயதில் பாடிய தாலாட்டாகவோ, நாற்று நடும்போது பாடிய பாட்டாகவோ இருக்கலாம். அதையும் பாடுங்கள். அவர் கண்ணீர் விட்டால் பதறிப் பாட்டை நிறுத்திச் சமாதானம் சொல்ல விரையாதீர்கள். பல நாள் அடக்கிவைத்த துக்கம் அப்போதுதான் வெளியே வர வழி கண்டிருக்கும்.

மருந்தோடு பாட்டு, மருந்துக்குப் பதிலாக அல்ல

இசை கட்டியைக் கரைக்கும் என்று எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. ‘இந்த இராகம் புற்றுநோயைக் குணமாக்கும்’ என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். பாட்டும் ஜெபமும் இருக்கின்றன என்று சொல்லி அடுத்த கீமோவைத் தள்ளிப்போடவும் வேண்டாம். தவறவிட்ட சிகிச்சையைப் பின்னால் ஈடு செய்வது கடினம்.

கீமோவுக்குப் பின் ஒன்று முதல் இரண்டு வாரத்திற்குள் இரத்தத்தின் வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறைந்திருக்கும். அந்நாட்களில் சிறு தொற்றும் உயிருக்கு ஆபத்தாகலாம். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் வீட்டுக்குப் போகாமல் தொலைபேசியில் பாடட்டும். போகிறவர்கள் கை கழுவி, முகக்கவசம் அணிந்து செல்லட்டும். நோயாளிக்கு 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால், அது ஜெபக்கூட்டத்தின் நடுவிலானாலும் உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். வாகனத்தில் ஜெபித்துக்கொண்டே போகலாம்.

நகரத்திலிருக்கும் பிள்ளைகளுக்கு

கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு மூணாற்றிலுள்ள தாய்க்கு என்ன செய்ய முடியும் என்று ஏங்குகிற பிள்ளைகள் உண்டு. பணம் அனுப்புகிறீர்கள், அது வேண்டியதே. அதோடு இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். அம்மாவிடம் பேசி அவருக்குப் பிடித்த பத்துப் பாடல்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளைப் பாடச் செய்து, நீங்களும் பாடி, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சுருதி சற்று விலகினாலும் பாதகமில்லை. மலையில் சிக்னல் எப்போதும் கிடைக்காது. ஆகவே பதிவுகளை அவருடைய கைப்பேசியிலேயே சேமித்து வையுங்கள். காதில் வைக்கும் ஒரு சிறு இயர்போனும் வாங்கிக் கொடுங்கள். பக்கத்துக் கட்டிலிலிருப்பவருக்குத் தொந்தரவிராது.

கதிர்வீச்சு அறையில் நோயாளி சில நிமிடம் தனியே படுத்திருக்க வேண்டும். உறவினர் எவரும் உள்ளே நிற்க முடியாது. பல மருத்துவமனைகளில் அந்த அறைக்குள் ஒலிபெருக்கி உண்டு. பேரப்பிள்ளையின் பாட்டை அதில் ஒலிக்கச் செய்ய இயலுமா என்று பணியாளரிடம் முன்னதாகவே தயவாய்க் கேட்டுப் பாருங்கள். கதவு மூடியபின்பும் அந்தத் தாய் தனியாயிருக்கமாட்டாள்.