முனைவுகளுக்குச் செல்லும் வெப்பம்

கதிரவனிடமிருந்து பூமி பெறும் வெப்பம் எல்லா இடங்களிலும் ஒரே அளவினதன்று. மத்தியகோட்டை அடுத்த நாடுகளில் ஞாயிற்றின் கதிர்கள் ஏறத்தாழ நேராக விழுகின்றன. முனைவுகளை அடுத்த இடங்களில் அவை சாய்ந்து விழுந்து பரந்த நிலப்பரப்பிற் சிதறுகின்றன. அவ்வாறு விழுவதிலும் பெரும்பகுதியை வெண்பனி வானுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றது. மாரி காலத்திலோ முனைவுகளில் மாதக்கணக்கில் ஞாயிறு எழுவதேயில்லை. ஆயினும், வெயில் விழுந்தாலும் விழாவிட்டாலும், பூமியின் ஒவ்வொரு பகுதியும் இரவு பகலாக வானவெளிக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கின்றது.

இவ்வரவையும் செலவையும் ஓர் ஏட்டிற் கணக்கெழுதிப் பார்த்தால், மத்தியகோட்டிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் ஏறத்தாழ 35 முதல் 40 பாகை வரையுள்ள பகுதியில் வரவு மிகுதியாகவும், அதற்கப்பால் முனைவு வரை செலவு மிகுதியாகவும் இருக்கக் காணலாம். ஏறத்தாழ 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடைப்பட்ட வட அகலக்கோடுகளில் அமைந்துள்ள இலங்கை, வரவு மிகுந்த பகுதியைச் சேர்ந்தது. கணக்கு இவ்வாறாயின், வரவு மிகுந்த நாடுகள் ஆண்டுக்காண்டு சூடேறிக்கொண்டே போகவேண்டும். முனைவுப் பிரதேசங்கள் ஆண்டுக்காண்டு குளிர்ந்துகொண்டே போகவேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. ஏனெனில், ஓரிடத்தில் மிஞ்சிய வெப்பத்தைக் காற்றும் கடல்நீரும் ஓயாது முனைவுகளை நோக்கிச் சுமந்து செல்கின்றன. ஒவ்வோர் அரைக்கோளத்திலும் 40 பாகை அகலக்கோட்டை அண்மித்த இடத்தில் இவ்வாறு கடந்து செல்லும் வெப்பம் ஏறக்குறைய ஐம்பது கோடி கோடி வாற்று அளவினது. மனித குலம் முழுவதும் எல்லாத் தேவைகளுக்குமாக இன்று பயன்படுத்தும் ஆற்றலைப் போல இஃது இருநூறு மடங்குக்கு மேற்பட்டதாகும். இப்பெருஞ் சுமையிற் பெரும்பங்கை அவ்விடத்திற் சுமப்பது காற்றேயாம்.

காற்று வெப்பத்தைச் சுமக்கும் முறை இருவகைப்படும். சூடான காற்றே இடம் பெயர்ந்து செல்வது ஒருவகை. மற்றது கண்ணுக்குப் புலனாகாத வகை. ஒரு கிராம் நீர் ஆவியாக மாறுவதற்கு ஏறக்குறைய 600 கலோரி வெப்பம் வேண்டும். வெப்ப நாடுகளின் கடல்களில் நீர் ஆவியாகும்போது இவ்வெப்பம் ஆவியினுள் மறைந்து நிற்கின்றது. அந்நீராவி காற்றோடு நெடுந்தூரஞ் சென்று, குளிர்ந்து, முகிலாகி மழையாக விழும் இடத்தில், மறைந்திருந்த வெப்பம் முழுவதும் அங்குள்ள காற்றுக்கு வந்து சேர்கின்றது. வெப்ப நாட்டுக் கடலின் வெயில், வேறொரு நாட்டின் வானத்தில் இவ்வாறு வெளிப்படுகின்றது.

இச்சுமை செல்லும் வழியின் முதற்பகுதியை விளக்கியவர் ஜோர்ஜ் ஹட்லி என்னும் ஆங்கிலேயர். மத்தியகோட்டை அடுத்துச் சூடேறிய காற்று மேலெழுந்து முனைவுகளை நோக்கிச் செல்கின்றது என்றும், அதன் இடத்தை நிரப்பக் கீழே குளிர்ந்த காற்று மத்தியகோட்டை நோக்கி வருகின்றது என்றும், பூமியின் சுழற்சியால் அக்காற்று மேற்கு நோக்கிச் சாய்ந்து வியாபாரக் காற்றாக வீசுகின்றது என்றும் அவர் 1735 ஆம் ஆண்டில் எழுதினார். ஆனால், மேலே செல்லும் காற்று முனைவு வரை சென்று சேர்வதில்லை. ஏறத்தாழ 30 பாகை அகலக்கோட்டில் அது கீழிறங்கிவிடுகின்றது. உலகின் பெரும் பாலைநிலங்கள் பல அவ்விடங்களை அடுத்து இருப்பதற்குக் காரணம் இதுவே.

அதற்கப்பால் வெப்பத்தைச் சுமப்பவை எவை என்னும் வினாவுக்கு விடை நோர்வேயின் பேர்கன் நகரிலிருந்து வந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு வானிலைச் செய்திகள் கிட்டாது போகவே, வில்ஹெல்ம் பியேர்க்னஸ் என்னும் அறிஞர் நாட்டின் கரையோரமெங்கும் அவதான நிலையங்களை நெருக்கமாக அமைக்கச் செய்தார். அவற்றின் குறிப்புகளை ஆராய்ந்த அவருடைய மைந்தர் யாக்கொப்பும் தோழர்களும், முனைவிலிருந்து வரும் குளிர்காற்றும் தெற்கிலிருந்து வரும் வெப்பக் காற்றும் எளிதிற் கலப்பதில்லை என்றும், இரண்டும் ஒரு கோட்டில் எதிர்ப்பட்டு நிற்கின்றன என்றும் கண்டனர். போர்ச் செய்திகள் நிறைந்திருந்த காலமாதலால், அக்கோட்டுக்கு ‘முனைவுப் போர்முகம்’ எனப் பொருள்படும் பெயரே நிலைத்தது. அக்கோட்டில் அலைபோல் எழும் வளைவுகளே புயல்களாக வளர்கின்றன. ஒவ்வொரு புயலும் தன் ஒருபுறத்தில் வெப்பக் காற்றை முனைவு நோக்கி ஏற்றி, மறுபுறத்திற் குளிர்காற்றை மத்தியகோட்டை நோக்கி இறக்குகின்றது. ஐரோப்பாவின் மாலுமிகளும் மீனவரும் அஞ்சிய மாரிப் புயல்கள், பூமியின் வெப்பக் கணக்கை நேர்செய்யும் சுமைகாரர்கள் என்பது அப்பொழுது தெளிவாயிற்று.

எனினும், சுமை புறப்படும் இடத்தையும் செல்லும் வழியையும் மட்டும் அறிந்தாற் போதாது. அது சென்று சேரும் இடத்திலும் ஒருவர் நின்று கணக்கெழுத வேண்டும். அவ்விடமோ மனிதர் வாழ இயலாத இடம். ஒஸ்திரிய நாட்டுக் கடற்படை அதிகாரியான காள் வைப்பிறெக்ட், வடமுனைவுக் கடலிற் பனிக்கட்டியிடையே சிக்குண்டு மீண்டவர். ஒவ்வொரு நாடும் தனித்தனியே கொடி நாட்டப் போட்டியிடுவதால் அறிவு வளராது என்றும், பல நாடுகளும் ஒரே காலத்தில், ஒரே முறையில், பல இடங்களிலிருந்து அவதானித்தல் வேண்டும் என்றும் அவர் 1875 இல் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1882–83 இல் முதலாம் சர்வதேச முனைவு ஆண்டு நடைபெற்றது. அதனைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை. 1881 இல் காலமானார்.

அம்முயற்சியில் அமெரிக்கர் நிறுவிய நிலையம் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் இருந்தது. கிறீலி என்பவரின் தலைமையில் 25 பேர் அங்கு சென்றனர். உணவு கொண்டுவரவேண்டிய கப்பல்கள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வந்து சேரவில்லை. 1884 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீட்புக் கப்பல் வந்தபொழுது ஏழு பேரே உயிரோடிருந்தனர். தாயகம் திரும்பியவர் அறுவர். பசியால் மடிந்துகொண்டிருந்த நிலையிலும் அவர்கள் தங்கள் அவதானக் குறிப்பேடுகளைக் கைவிடவில்லை. இரண்டு ஆண்டுக் காலம் நாள்தோறும் எழுதப்பட்ட வெப்பநிலையும் அமுக்கமும் அவர்களோடு மீண்டு வந்தன. அக்குறிப்புகள் இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றன.

கடற்கரையோர நிலையங்களைக் காட்டிலும் கடினமானது பனிமேட்டின் நடுவிடம். கண்டங்கள் நகர்கின்றன என்னும் கொள்கையால் இன்று பெரும்புகழ் பெற்றுள்ள ஜேர்மனிய அறிஞர் அல்பிரெட் வெகனர், தொழிலால் வளிமண்டலவியலாளர். கிறீன்லாந்தின் பனிமேட்டில், மேற்குக் கரையிலிருந்து 400 கிலோமீற்றர் உள்ளே, ஏறத்தாழ 3000 மீற்றர் உயரத்தில், 1930 ஆம் ஆண்டில் ஒரு நிலையத்தை அவர் அமைக்கச் செய்தார். மாரி முழுவதும் அங்கு தங்குவோருக்கு வேண்டிய உணவும் எரிபொருளும் போதிய அளவு சென்று சேரவில்லை. ஆதலால், செப்டெம்பர் மாதத்தில் நாய் வண்டிகளோடு அவரே புறப்பட்டார். உடன் சென்ற கிறீன்லாந்தியருட் பெரும்பாலோர் குளிர் தாங்காது இடைவழியிலே திரும்பினர். வெகனரும், லோவே என்பவரும், ராஸ்முஸ் வில்லும்சென் என்னும் கிறீன்லாந்து இளைஞரும் மட்டும் ஒக்டோபர் 30 ஆம் நாள் நிலையத்தை அடைந்தனர். லோவேயின் கால்விரல்கள் உறைந்து அழுகிப்போயின. அவற்றைத் தோழர்கள் பேனாக்கத்தியால் அறுத்து நீக்கவேண்டியதாயிற்று. இருந்த உணவு எல்லோருக்கும் போதாது. ஆகவே, நவம்பர் முதலாம் நாள், தமது ஐம்பதாவது பிறந்த நாளன்று, வெகனர் வில்லும்சென்னுடன் கரை நோக்கித் திரும்பினார். இருவரும் கரை சேரவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில் வெகனரின் உடல், பனியிற் செம்மையாக அடக்கஞ் செய்யப்பட்ட நிலையிற் கண்டெடுக்கப்பட்டது. அவரை அடக்கஞ் செய்த வில்லும்சென்னின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. நிலையத்தில் எஞ்சிய மூவரும் பனியைக் குடைந்த குகையில் மாரியைக் கழித்து, அவதானிப்பைத் தொடர்ந்தனர். சைபருக்குக் கீழ் 60 பாகைக்கும் அப்பாற்பட்ட குளிரை அவர்களுடைய வெப்பமானி காட்டியது.

அதே 1930 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மொல்சானவ் என்னும் ரஷ்ய அறிஞர் ஒரு பலூனிற் சிறு வானொலிக் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டார். மேலே செல்லச் செல்ல அக்கருவி தான் கண்ட நிலையைத் தானே வானொலி மூலம் அறிவித்தது. அதனால், நிலத்தில் நின்றபடியே மேல்வானின் நிலையை உடனுக்குடன் அறியும் வழி பிறந்தது. 1937 ஆம் ஆண்டு மே மாதத்தில் பப்பானின் தலைமையில் ரஷ்யர் நால்வர் வடமுனைவுக்கருகே மிதக்கும் பனிக்கட்டியில் விமானத்தில் இறங்கி, 274 நாட்கள் அதனோடு மிதந்து சென்றவாறே வானிலையை அறிவித்தனர். வடமுனைவின் மேல் அசையாத உயரமுக்கமே என்றும் நிலைத்திருக்கும் என்று அதற்குமுன் பலர் கருதினர். புயல்கள் முனைவின் நடுவிடம் வரையும் செல்கின்றன என்பதை அந்நால்வரின் குறிப்புகள் காட்டின.

பலூன்கள் மேலும் உயரச் சென்றபொழுது எதிர்பாராத வேறொன்றும் வெளிப்பட்டது. மாரியில் முனைவுக்கு மேலேயுள்ள படைமண்டலத்தில், இருளில் ஆழ்ந்த குளிர்காற்று பெருஞ் சுழலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இதனை முனைவுச் சுழல் என்பர். 1952 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பேர்லினில் றிச்சட் ஷேர்ஹாக் என்பவர் பலூன்களின் செய்திகளை ஆராய்ந்தபொழுது, நடுமாரியில் படைமண்டலத்தின் வெப்பநிலை சில நாட்களிற் பலமாக உயர்ந்திருக்கக் கண்டார். கீழ்வானத்தின் பேரலைகள் மேலெழுந்து சுழலைக் குலைப்பதே இதற்குக் காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. சில வேளைகளில் இவ்வுயர்வு 50 பாகையையும் எட்டும். சுழல் குலைந்த பின் வரும் வாரங்களில், அதன் விளைவு நிலத்திலும் தெரிவதுண்டு. 2018 ஆம் ஆண்டு பெப்ருவரியின் நடுப்பகுதியில் சுழல் இரண்டாகப் பிளந்தது. இரு வாரங்களுக்குள் கடுங்குளிர் ஐரோப்பாவைத் தாக்க, உரோமாபுரியின் வீதிகளிலும் பனி பொழிந்தது. மேல்வானில் நிகழ்வதை முன்கூட்டியே அறிந்தால், எரிபொருளைச் சேமிக்கவும், முதியோரையும் வீடற்றோரையும் காக்கவும் சில நாட்கள் கிடைக்கின்றன.

இக்காலத்திற் செய்மதிகள் இவ்வேலையில் பெரும்பங்கை ஏற்றுள்ளன. மத்தியகோட்டுக்கு மேல் ஒரேயிடத்தில் நிலைத்து நிற்பன போலத் தோன்றும் செய்மதிகளுக்கு முனைவுகள் நன்கு புலப்படுவதில்லை. முனைவுகளை ஒட்டிச் சுற்றும் வேறு செய்மதிகளே அவற்றை அவதானிக்கின்றன. அவற்றுக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. முகிலும் வெண்மை, பனியும் வெண்மை. முனைவு இரவிலோ இரண்டும் ஏறத்தாழ ஒரே குளிர். ஒன்றையொன்று பிரித்தறிய, நிலத்தில் வைத்த வெப்பமானியும் பலூனும் இன்னமும் வேண்டப்படுகின்றன.

அவ்வாறான வெப்பமானியொன்று 2022 ஆம் ஆண்டு மார்ச்சு 18 ஆம் நாள் அறிஞர்களைத் திகைக்கச் செய்தது. கிழக்கு அந்தாட்டிக்காவின் பனிமேட்டில், 3200 மீற்றர் உயரத்தில், பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கொன்கோர்டியா நிலையத்தில், அக்காலத்துக்கு வழமையான வெப்பநிலையைக் காட்டிலும் 38 பாகைக்கு மேல் உயர்வு பதிவாயிற்று. இந்து சமுத்திரத்தின் வெப்பமான பகுதிகளிலிருந்து எழுந்த நீராவி, ஓர் ஆறுபோல் வானில் நீண்டு பனிமேட்டின் மேல் ஏறியதே அதற்குக் காரணம். கடலில் மறைந்த வெப்பம் முனைவுப் பனியில் வெளிப்படுவதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

வடக்கே நிகழ்வது மெதுவாயினும் நிலையானது. 1979 முதல் வடமுனைவுப் பிரதேசம், உலகின் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு விரைவில் வெப்பமடைந்துள்ளது. பனி உருகிய இடத்திற் கரிய கடல் தோன்றி, முன்பு திருப்பி அனுப்பப்பட்ட வெயிலைத் தான் ஏற்கின்றது. அதனால் மேலும் பனி உருகுகின்றது. மத்தியகோட்டுக்கும் முனைவுக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேற்றுமையே காற்றை இயக்கும் விசையாதலால், அவ்வேற்றுமை குறைந்தால் புயல்களின் பாதையும் மேல்வான அலைகளும் எவ்வாறு மாறும் என்பது அறிஞரிடையே இன்றும் வாதிக்கப்படும் பொருளாகும். அந்த வாதத்தைத் தீர்க்கவல்லது நீண்டகாலக் குறிப்பேடு ஒன்றே. அதில் விடுபட்ட ஓராண்டைப் பின்னர் எவராலும் அளந்து நிரப்ப முடியாது.

ஆதலினாலேயே, தென்முனைவில் 1957 முதல் இயங்கிவரும் அமுண்ட்சென்–ஸ்கொட் நிலையத்தில், மார்ச்சு மாதத்தில் ஞாயிறு மறைந்து செப்டெம்பரில் மீண்டும் எழும்வரை நீளும் இரவிலும், நாள்தோறும் பலூன் பறக்கவிடப்படுகின்றது. இருளில் மேலேறும் அது, தொலைவிலுள்ள வெப்பக் கடல்களிலிருந்து அன்று எவ்வளவு வெப்பம் வந்து சேர்ந்தது என்பதை அறிவித்துக்கொண்டே சென்று மறைகின்றது.