கான்கிரீட்டுக்கும் எக்ஸ்ரேயா?

பழைய வீவக வீட்டின் குளியலறைக் கூரையில் கான்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

அது ஒரே நாளில் நடப்பதில்லை. கண்ணுக்கே தெரியாத விரிசல்கள், நுண்துளைகள் வழியாக ஈரமும் கரியமில வாயுவும் மெல்ல உள்ளே போகின்றன. கம்பி துருப்பிடிக்கிறது. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அது உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளுகிறது. பெயரும் துண்டு யார் தலையிலும் விழலாம்.

அந்த விரிசல்களை முன்கூட்டியே பார்க்கமுடியுமா? முடியும். கை முறிந்தால் எடுக்கிறோமே, அதே எக்ஸ்ரேதான்!

எப்படித் தெரிகிறது?

விரிசல் என்பது வெறும் காற்று இடைவெளி, அவ்ளோதான். கல்லும் சிமெண்டும் கதிர்களை நிறையவே தடுக்கும். காற்று தடுக்காது. அதனால் விரிசல் உள்ள இடத்தில் கதிர் சற்று அதிகமாக மறுபக்கம் வந்துசேரும். படத்தில் அந்த இடம் தனியாகத் தெரியும்.

ஆனால் ஒரே படத்தை நம்பமுடியாது. கதிர் பாயும் திசைக்குச் செங்குத்தாக மெல்லிய விரிசல் இருந்தால், கதிர் கடக்கும் காற்று மிகக் குறைவு. படத்தில் ஒன்றுமே தெரியாமல் போகலாம்.

அதற்குத்தான் சிடி ஸ்கேன். மருத்துவமனையில் கருவி உங்களைச் சுற்றும். ஆய்வகத்தில் பெரும்பாலும் கான்கிரீட் துண்டைத்தான் சுழற்றுவார்கள். பல கோணங்களில் எடுத்த படங்களைக் கணினி ஒன்றுசேர்த்து முப்பரிமாணத்தில் காட்டும். நோயாளிக்குக் கதிர்வீச்சு அளவைப் பார்க்கணும். கான்கிரீட்டுக்கு என்ன கவலை? மணிக்கணக்கில் எடுக்கலாம்!

துண்டை அழுத்திக்கொண்டே படமெடுத்தால் விரிசல் வளர்வதையும் பார்க்கலாம். பல நேரம் அது கல்லும் சிமெண்டும் ஒட்டும் இடத்தில்தான் தொடங்குகிறது.

அப்போ முழுக் கட்டடத்தையும் ஸ்கேன் பண்ணலாமே?

அங்கேதான் சிக்கல். படத்தின் குறுக்கே 2,000 புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டின் அகலம் 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு புள்ளி 0.05 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். 1 சென்டிமீட்டர் துண்டு என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. துண்டு சிறிதானால்தான் நுண்ணிய விரிசல் பிடிபடும். ஆனால் ஒரு தூணிலிருந்து துளைத்தெடுத்த துண்டு, பக்கத்துத் தூணைப் பற்றிச் சொல்லாது.

கட்டடத்திலேயே எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. சுவரின் ஒரு பக்கம் கருவி, மறுபக்கம் படம் பதியும் தகடு. சுற்றியிருப்போரை முதலில் வெளியேற்றவேண்டும். அதில் கம்பிகளும் பெரிய ஓட்டைகளும் தெரியும். முடி அளவு விரிசல் தெரிவது கடினம்.

உங்கள் வீட்டுக் கூரைக்கு? சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பார்ப்பார்கள். காலிப் பெட்டியைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தால், உள்ளே கான்கிரீட் பிரிந்திருக்க வாய்ப்புண்டு.